செவிவழி வரும் எழுத்துத் தமிழ்

"நரி மெல்ல நடந்து குளக்கரையை அடைந்தது. அங்கே இரண்டு கொக்குகள் நின்றுகொண்டிருந்தன."

நான்கு வயதுக் குழந்தைக்கான கதைப் புத்தகங்களில் இப்படிப்பட்ட வாக்கியங்கள்தான் இருக்கும். இதையே வீட்டில் எப்படிச் சொல்வோம்? "நரி மெதுவா நடந்து கொளத்தங்கரைக்கு வந்துச்சு. அங்க ரெண்டு கொக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு." கதை ஒன்றுதான், ஆனால் மொழி அதே மொழியாக இல்லை. குளம் கொளமாகிவிட்டது, இரண்டு ரெண்டாகிவிட்டது. குழந்தை இதுவரை கேட்டிருக்கும் 'அடைதல்' பொழுது சாயும்போது கோழி கூட்டில் அடைவதுதான். நரி குளக்கரையை 'அடைவது' அதற்குப் புதிது. கொக்குகள் இரண்டு என்பதால் எழுத்தில் வினைமுற்று 'இருந்தன' என்று முடிகிறது. பேச்சில் அந்த விகுதிக்கு வேலையே இல்லை. ஒன்றானாலும் நூறானாலும் 'இருந்துச்சு'தான்.

பெரியவர்களுக்கு இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை. செய்தித்தாளை எழுத்துத் தமிழில் படித்துவிட்டு அடுத்த நொடியே பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுத் தமிழில் அதைச் சொல்லிவிடுகிறோம். குழந்தை அப்படியில்லை. ஒருவர் அருகில் அமர்ந்து, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசித்துக் காட்டியிராவிட்டால், அந்தக் குழந்தை எழுத்துத் தமிழை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் பள்ளிப் பாடப்புத்தகமாகிவிடுகிறது. அங்கே உருத் தெரியாத எழுத்துகளையும் பழகாத வாக்கிய அமைப்பையும் அது ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு இலக்கியம் வாசித்துக் காட்டுவதால் விளையும் நன்மைகளைப் பற்றி உலகெங்கும் எழுதியிருக்கிறார்கள். தமிழைப் பொறுத்தவரை அந்த நன்மை ஒரு படி கூடுதலானது என்பதும், அதை நாம் இன்னும் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் என் கருத்து.

வாசித்தல் என்ற செயலை ஆய்வாளர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். 1986ஆம் ஆண்டில் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் முன்வைத்த வாய்பாடு மிக எளிமையானது. வாசித்துப் பொருள் கொள்ளும் திறன் இரண்டு திறன்களின் பெருக்கல் பலன். ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறன். மற்றது, அதே மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால், இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் ஓயாமல் சொல்லும் ஒரு குறையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். "எழுத்துக்கூட்டிப் படிச்சிடுறான், என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான்." எழுத்து வந்துவிட்டது; அந்த மொழி காதுக்கு வரவில்லை. நாமோ முதல் காரணியிலேயே குறியாக இருக்கிறோம். தமிழின் 247 எழுத்துகளும் கைவர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியின் உழைப்பும் வீட்டின் கவலையும் அதிலேயே தீர்ந்துபோகின்றன.

பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்ற இந்த இரட்டை வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. அரபு மொழியிலும் வீட்டுப் பேச்சுக்கும் புத்தக மொழிக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஆய்வுகள் அங்கேதான் நடந்திருக்கின்றன. இலக்கிய அரபு சின்னக் குழந்தைகளுக்குக் கடினம், பள்ளியில் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பரவலாக இருந்தது. அதனால் மழலையர் வகுப்புகளில் கதைகளைப் பேச்சு மொழிக்கு மாற்றிச் சொல்வதே வழக்கமாக இருந்தது. இஸ்ரேலில் அரபு பேசும் குழந்தைகளிடம் டினா ஃபைட்டல்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை மாற்றிப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் நாள்தோறும் சிறிது நேரம் இலக்கிய அரபில் உள்ள கதைப் புத்தகங்களை அப்படியே வாசித்துக் காட்டினார்கள். சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, வேறு வகை மொழிப் பயிற்சி பெற்ற வகுப்புகளைவிட இந்த வகுப்புக் குழந்தைகள் கேட்டதைப் புரிந்துகொள்வதில் முன்னே இருந்தார்கள். படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னபோது அவர்கள் சொன்ன கதையும் செறிவாக இருந்தது. இந்த ஆய்வு 1993இல் வெளியானது. 2000ஆம் ஆண்டில் சலீம் அபூ ரபியா வெளியிட்ட ஆய்வு இன்னும் சற்றுத் தூரம் போகிறது. பள்ளிக்கு முந்தைய பருவத்தில் இலக்கிய அரபைக் கேட்டு வளர்ந்தவர்கள், பேச்சு அரபை மட்டும் கேட்டவர்களைவிட, முதல் வகுப்பின் முடிவிலும் இரண்டாம் வகுப்பின் முடிவிலும் வாசித்துப் பொருள் கொள்வதில் மேலாக இருந்தார்கள்.

'கடினம்' என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்ததைக் குழந்தைகள் காதால் கேட்டே எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வீடுகளில் நல்ல மனத்தோடு செய்யப்படும் ஒரு காரியத்தை இதனால்தான் கேள்விக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் புரியாதே என்று வாக்கியத்துக்கு வாக்கியம் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறோம். அது கதை சொல்லல். கதை சொல்லல் மிக நல்லது. பாட்டிகளிடமிருந்து நாம் பெற்ற பெருஞ்செல்வம் அது. ஆனால் வாசித்துக் காட்டுவது கொடுப்பதை அது கொடுப்பதில்லை. 'அடைந்தது' என்ற சொல்லும் 'இருந்தன' என்ற விகுதியும் புத்தகத்திலேயே தங்கிவிடுகின்றன.

புத்தக மொழி பேச்சிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை ஆங்கிலத்தில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். இரட்டை வழக்கின் தீவிரம் இல்லாத மொழி அது. 1988இல் டொனால்ட் ஹேயஸ், மார்கரெட் ஆரன்ஸ் ஆகியோர் பல வகை மொழி மாதிரிகளில் அரிய சொற்களின் விகிதத்தைக் கணக்கிட்டார்கள். சிறுவர் புத்தகங்களில் இருந்த அரிய சொற்கள், கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் இருந்ததைவிட அதிகம். 2015இல் ஜெசிகா மான்டாக் குழுவினர் 100 படப்புத்தகங்களை எடுத்து, பெற்றோர் குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். ஒரே அளவு சொற்களை எடுத்துக்கொண்டால், வெவ்வேறான சொற்கள் புத்தகத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருந்தன. படித்த அம்மா அப்பா என்றாலும் இதுதான் நிலை. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் நாம் பேசுவது கண்முன்னே இருக்கும் பொருள்களைப் பற்றித்தான். அதற்குச் சில நூறு சொற்கள் போதும்.

இந்தக் 'கண்முன்னே' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கார்டன் வெல்ஸ் நடத்திய நீண்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. குழந்தைகளின் வீட்டுப் பேச்சைச் சிறு பருவத்திலிருந்தே ஒலிப்பதிவு செய்து, பின்னர் பள்ளியிலும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். வீட்டில் நடக்கும் எழுத்து சார்ந்த செயல்களைப் பிரித்துப் பார்த்தார்: படம் பார்த்துப் பெயர் சொல்வது, வரைவது, எழுதிப் பார்ப்பது, வாசிக்கும் கதையைக் கேட்பது. இவற்றில் பிற்காலக் கல்வித் தேர்ச்சியோடு தெளிவாகத் தொடர்புகொண்டிருந்தது கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். அவர் ஜொனதன் என்று பெயரிட்டு எழுதும் சிறுவன், பள்ளியில் சேருமுன் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தடவை கதை வாசிக்கக் கேட்டிருப்பான் என்று மதிப்பிட்டார். ரோஸி என்று பெயரிடப்பட்ட சிறுமிக்கு ஒரு கதைகூட வாசித்துக் காட்டப்படவில்லை. பத்து வயதிலும் அந்தக் குழுவில் ஜொனதன் முதலிடத்திலும் ரோஸி கடைசியிலும் இருந்தார்கள்.

ஏன் இப்படி என்பதற்கு வெல்ஸ் தரும் விளக்கம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அன்றாடப் பேச்சில் பொருள் பாதி சூழலில் இருக்கிறது. "அதை எடு" என்றால் எதை என்று கை காட்டிவிடும். கதையில் அந்த வசதி இல்லை. மழையும் காடும் பசித்த நரியும் சொற்களிலிருந்து மட்டுமே எழ வேண்டும். அறையில் இல்லாத ஓர் உலகைச் சொற்களைக் கொண்டே கட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான், பின்னால் அறிவியல் பாடத்தையும் வரலாற்றையும் ஒரு வழக்கின் தீர்ப்பையும் படித்துப் புரிந்துகொள்ள உதவும் பழக்கம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எதிர்த் தரப்பை மறைப்பது நியாயமாகாது. வாசித்துக் காட்டும் பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள், ஓரளவு வசதி உள்ளவர்கள், தாங்களே வாசிப்பவர்கள். குழந்தையின் முன்னேற்றத்துக்குக் காரணம் வாசித்துக் காட்டியதா, அந்த வீடா? 1994இல் ஹாலிஸ் ஸ்கார்பரோவும் வாண்டா டோப்ரிச்சும் முப்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குழந்தைகளுக்கிடையிலான வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தையே வாசித்துக் காட்டுவது விளக்குகிறது என்று ஐயத்தோடு எழுதினார்கள். அடுத்த ஆண்டே அட்ரியானா பஸ் குழுவினர் ஏறக்குறைய அதே எண்ணை அடைந்து, அதை நல்ல செய்தியாகவே அறிவித்தார்கள். 2019இல் க்ளேர் நோபிள் குழுவினர் பல சோதனைமுறை ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறுகிய காலப் பயிற்சித் திட்டங்களின் பலன் சிறிதே என்று தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறு ஏதேனும் பயனுள்ள செயல் கொடுக்கப்பட்டிருந்தால் வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்தே போனது.

இந்த முடிவுகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவை அளந்தது சில வாரங்கள், சில மாதங்கள் நீடித்த திட்டங்களை. ஜொனதன் கேட்ட கதைகள் ஐந்தாண்டுகளில் சேர்ந்தவை. ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வுத் தரவுகளைப் பொருளியலாளர்கள் கியோன் கால்ப், யான் ஃபான் அவுர்ஸ் இருவரும் எடுத்து, குடும்பப் பின்னணியின் பங்கைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். நான்கைந்து வயதில் வாரத்தில் ஆறேழு நாள் வாசிக்கக் கேட்ட குழந்தை, எப்போதாவது கேட்ட குழந்தையைவிட வாசிப்புத் திறனில் ஏறக்குறைய ஓராண்டு மூத்ததைப் போல இருந்தது. பத்து, பதினோரு வயதிலும் வேறுபாடு தெரிந்தது. கனடாவில் மோனிக் செனஷால், ஜோ-ஆன் லெஃபெவ்ர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஐந்தாண்டுத் தொடர் ஆய்வு இரண்டு பாதைகளைத் தனித்தனியே காட்டியது. பெற்றோர் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது முதல் வகுப்பில் எழுத்தறிவாகப் பலன் தந்தது. கதை வாசித்துக் காட்டியதோ கேட்டுப் புரியும் திறனாகச் சேர்ந்து, மூன்றாம் வகுப்பில்தான் வாசிப்பில் வெளிப்பட்டது. தாமதமாக வரும் பலன் என்பதால்தான் அவசரக்காரர்களின் அளவுகோலில் அது விழுவதில்லை என்று நினைக்கிறேன்.

எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் செய்த சோதனையில் இரண்டு குழுப் பெற்றோர்களும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கவும் குழந்தை சொன்ன பதிலை வளர்த்துத் திருப்பிச் சொல்லவும் சொல்லித்தரப்பட்டது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் சில மாதங்கள் முந்திவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்தும் அந்த முன்னிலை குறைந்திருந்தாலும் மறையவில்லை. நியூசிலாந்தில் வார்விக் எல்லி 1989இல் வெளியிட்ட சோதனையில், ஆசிரியர் கதையை வெறுமனே வாசித்தபோது குழந்தைகளின் சொல்லறிவு சுமார் 15 சதவீதம் கூடியது. போகிற போக்கில் சில சொற்களுக்குப் பொருளும் சொன்னபோது அதைப் போல இரு மடங்குக்கு மேல் கூடியது. "மறுபடியும் அதையே படி" என்று குழந்தை கேட்டால் சலித்துக்கொள்கிறோமே, அதிலும் குழந்தையின் பக்கமே நியாயம் இருக்கிறது. 2011இல் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றதையும், அதே சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்கள் அவ்வளவு கற்காததையும் காட்டினார்கள்.

உள்ளதை உள்ளபடி வாசி, நிறுத்து, வீட்டு மொழியில் பொருள் சொல், மறுபடி வாசி. இந்த முறை நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் செய்யுளை இராகத்தோடு சீர் பிரித்துப் படிப்பார். இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். சபையில் இருக்கும் எல்லோரும் படித்தவர்கள் அல்லர். சொல்லுக்குச் சொல் செய்யுள் விளங்காத பாட்டியும் பேரப்பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் மூலத்தை விட்டுவிட்டு உரையை மட்டும் சொல்லி முடித்துவிடுவதில்லை. முதலில் செய்யுள் காதில் விழ வேண்டும், பொருள் அதன்பின். ஆண்டுதோறும் இதைக் கேட்டுக் கேட்டே செய்யுள் நடை பழகியவர்கள் எத்தனையோ பேர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு அழைத்தார் என்றால், அந்தப் படனம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டிலும் மழை வேண்டி விராட பருவம் படிப்பதும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க ஊர் கூடிக் கேட்பதும் நெடுங்காலம் இருந்த வழக்கங்கள்.

அது எங்கே போயிற்று? ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அச்சும் நாவலும் நடுத்தர வர்க்கமும் வளர்ந்தபோது, வாய்விட்டுக் கூட்டமாக வாசிப்பது பின்தங்கி, தனியே மௌனமாக வாசிப்பது நாகரிகமாயிற்று. பெரியவர்களுக்கு அது ஒரு புதிய சுதந்திரத்தைக் கொடுத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மௌன வாசிப்பில் குழந்தைக்கு இடமில்லை. திண்ணையில் அதற்கு இருந்த இடம் அறைக்குள் இல்லாமல் போயிற்று. ஈடாக, படுக்கைநேரக் கதை வாசிப்பு போன்ற ஒரு வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உருவாகவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டும் வீடுகளிலும், குழந்தை தானே எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் "இனி நீயே படி" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாத நேரம் அதுதான். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிட முன்னே நிற்பது ஏழு, எட்டாம் வகுப்பு வரை நீடிக்கிறது என்று தாமஸ் ஸ்டிக்ட் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. எட்டு வயதுப் பிள்ளை தானே படிக்க முடிந்தது நான்கு வரிப் பக்கம். ஆனால் கேட்டால் அதற்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' புரியும், கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' புரியும். கி.ரா.வை வாசித்துக் காட்டும்போது கரிசல் பேச்சும் எழுத்தில் ஏறக்கூடியது என்பது பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியவரும். வள்ளியப்பாவின் பாடல்கள் சின்ன வயதுக்கு. பத்துப் பன்னிரண்டு வயதில் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைக் கேட்கும் பிள்ளை சிரிக்கும் இடங்கள் நம்மை வியக்க வைக்கும். நீதி வேண்டும் என்று தேட வேண்டாம். நல்ல உரைநடையாக, வாசிப்பவருக்கும் பிடித்ததாக இருக்க வேண்டும். நமக்கு அலுப்பூட்டும் புத்தகத்தை நம் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

டொராண்டோவிலும் லண்டனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதல். அவர்களுக்குப் பேச்சுத் தமிழே வீட்டுக்குள் மட்டும் கேட்கும் மொழி. எழுத்துத் தமிழைக் காதில் போடுபவர் பெற்றோரையும் வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியரையும் விட்டால் யாருமில்லை.

இங்கேயும் எல்லா வீட்டிலும் வாசிக்கத் தெரிந்தவர்களோ நேரம் உள்ளவர்களோ இருக்க மாட்டார்கள். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் தாயிடம் கதை வாசித்துக் காட்டுங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிதான் வழி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறது. பிள்ளை தானே படிப்பதற்கான ஏற்பாடு அது, அவசியமானதும்கூட. அதனோடு ஆசிரியரின் குரலும் சேர வேண்டும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒவ்வொரு நாளும் கடைசி 15 நிமிடம், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு நல்ல தமிழ் நூலை ஆசிரியர் வாய்விட்டு வாசிக்கட்டும். அதற்குத் தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், கதையின் நீதி என்ன என்ற கேள்வியும் வேண்டாம். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. கால அட்டவணையில் ஒரு வரியும், வகுப்புக்கு இருபது புத்தகங்களும் போதும். கல்வித்துறை இதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். வீட்டில் வாசிக்க முடிந்தவர்கள் இன்றிரவே தொடங்கலாம்.